43 மணி நேரக் குரல்கள்: கொச்சி யூதர்களின் நினைவுகளைப் பதிவு செய்யப் போய் நான் பட்டதும் கற்றதும்

கொச்சி யூதப் பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையை 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கினேன். இதுவரை 43 மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். அதில் 11 மணி நேரம் அழிந்துவிட்டது. இன்னொரு 6 மணி நேரத்தை யாருக்கும் போட்டுக் காட்டும் உரிமை எனக்கு இல்லை. மீதியுள்ள 26 மணி நேரம்தான் பிறருக்குப் பயன்படும் நிலையில் இருக்கிறது. கைப்பணம் 3,40,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் என் அறியாமையால் போனது. பணம் போனதை ஆற்றிக்கொள்ள முடிகிறது. அந்த 11 மணி நேரத்தில் பேசியவர்களில் இருவர் இன்று உயிருடன் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. இந்த வேலையில் இறங்குவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் என்னை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அப்படி யாரும் கிடைக்காததால்தான், தம் ஊரிலோ சமூகத்திலோ இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். அப்பா யூதத் தெருவில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு எழுதினார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் பள்ளி தெருமுனையில் நிற்கும். பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்களைப் பரதேசிகள் என்றும், யூதர்களின் வழிபாட்டு இடத்தைப் பள்ளி என்றும்தான் கொச்சியில் சொல்வோம். அதன் மணிக்கூண்டைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்வேன். வெள்ளிக்கிழமை மாலையில் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தப்படுவதும், உள்ளே விளக்கு ஏற்றப்படுவதும் எனக்குச் சிறுவயது முதல் பழகிய காட்சிகள். திருமணத்துக்குப் பின் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். 2019 ஆகஸ்டில், யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த ஸாரா கோஹன் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் காலமான செய்தி வந்தது. அடுத்த மாதமே, மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியின் முகப்பு மழையில் இடிந்து விழுந்தது. ஒரே மழைக்காலத்தில் வந்த அந்த இரண்டு செய்திகளும் என்னைத் தூங்கவிடவில்லை. 24,500 ரூபாய்க்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன். கருவி இருக்கிறது, மலையாளம் தெரியும், ஊரும் தெரியும், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் தவறு யாரிடம் போவது என்பதில் நடந்தது. எனக்குத் தெரிந்த தெரு அது ஒன்றுதான் என்பதால் அங்கேயே போய்க்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாகப் பத்திரிகையாளர்களும் சுற்றுலாப் பயணிகளும் படமெடுப்பவர்களும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் அவை. அங்கிருப்பவர்களிடம் கேள்வி பிறப்பதற்கு முன்பே பதில் இருக்கும். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததும், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேட்டிலிருந்து தொடங்குவார்கள். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு, செப்பேடு தந்த 72 உரிமைகள், பள்ளியின் தரையில் பதித்த நீல நிறச் சீன ஓடுகள், 1968இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தது என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார்கள். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் செப்பேட்டின் மொழி தமிழுக்கு மிக நெருக்கமானது, அஞ்சுவண்ணம் என்ற சொல் தமிழ்க் கல்வெட்டுகளிலும் வருகிறது என்பதால் எனக்கும் கேட்கக் கேட்க மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பி அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டபோது, அவற்றில் இருந்தவை ஏற்கெனவே புத்தகங்களில் உள்ள செய்திகள் என்பதும் ஒருவருடைய வாழ்க்கைகூட அவற்றில் இல்லை என்பதும் புரிந்தது. நான்கு மாதப் பயணங்கள் அப்படிப் போயின.

எர்ணாகுளத்தில் ஒரு முதியவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். "எல்லாரும் அந்தத் தெருவுக்கே போகிறீர்கள். நாங்கள்தானே அதிகம் பேர் இருந்தோம், எங்களை யார் கேட்டது?" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஐம்பதுகளில் மக்கள் இஸ்ரேலுக்குப் புறப்படும்வரை கொச்சி வட்டாரத்தில் எட்டுப் பள்ளிகள் இருந்தன: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட சமூகத்தில் பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் அவர்களுக்கு முன்பே நெடுங்காலமாகக் கேரளத்தில் வாழ்ந்துவந்த மலபாரி யூதர்கள். ஆகவே, முதல் ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எட்டுப் பள்ளிகளின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இன்று யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தச் சமூகமானாலும் இப்படி ஒரு தாள் இல்லாமல் கிளம்பினால், முன்பே பெயர் வாங்கியவர்களின் வாசலுக்குத்தான் கால் போகும். பரதேசிகளை வெள்ளை யூதர், மலபாரிகளைக் கறுப்பு யூதர் என்று வெளியார் எழுதிவைத்த சொற்களையும் அந்த முதியவர் வீட்டில்தான் கைவிட்டேன். அவற்றை நான் சொன்னதும் அவர் முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்கள் பரதேசிப் பள்ளிக்குள் சமமாக உட்கார முடியாமல் இருந்த காலத்தையும், வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அதை எதிர்த்துக் காந்திய வழியில் போராடியதையும் அதன் பிறகுதான் அவர்கள் வாயாலேயே கேட்டேன். இத்தகைய விஷயங்களை நாமாகக் கேட்கக் கூடாது. மூன்றாவது, நான்காவது சந்திப்பில் அவர்களாகவே அங்கு வருவார்கள். அப்போது குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

கேட்கும் முறையை மாற்றிய பிறகுதான் பேச்சு உயிர் பெற்றது. "உங்கள் சமூகத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் செப்பேடு வரும். "உங்கள் அம்மாவின் அடுப்பங்கரையில் நுழைந்தால் வலது கைப் பக்கம் என்ன இருக்கும்?" என்றால் வாழ்க்கை வரும். ஆம், இல்லை என்று பதில் முடியும் கேள்விகளை நான் இப்போது எழுதியே வைப்பதில்லை. கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் அதைவிட நல்லது. எர்ணாகுளத்து வீடு ஒன்றில் ஓர் அம்மா பழைய மல் துணியில் சுற்றிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. அட்டை எப்போதோ போயிருந்தது. அந்துருண்டை வாசனையோடு, ஓரங்கள் காப்பி நிறமேறிய தாள்களில் மலையாள எழுத்தில் பெண்கள் பாடும் கல்யாணப் பாட்டுகள். ஒரு பக்கத்தில் மை ஊதா, அடுத்த பக்கத்தில் நீலம், நடுவில் சில வரிகள் பென்சிலில், வேறு கையெழுத்தில். "இது என் சின்னம்மா, இது நான்" என்று ஒவ்வொரு கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனவர், பென்சில் வரிகளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, வாசிக்காமல் பாடத் தொடங்கினார். கடவுளைத் தம்பிரான் என்று விளிக்கும் பாட்டு. அந்த ஒரு பிற்பகலில் எனக்குக் கிடைத்தது முந்தைய நான்கு மாதங்களில் கிடைத்ததைவிட அதிகம். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: நோட்டைப் படமெடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது அது வெளியூர் உறவினர் ஒருவர் கைக்குப் போயிருந்தது. பாட்டு நோட்டோ கடிதமோ புகைப்படமோ கண்ணில் பட்டால், அனுமதி கேட்டு அங்கேயே ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படமெடுத்துவிட வேண்டும். 2018 வெள்ளத்தில் பறவூர், சேந்தமங்கலம் பகுதிகள் பட்ட பாட்டைக் கண்ட பிறகும் எனக்கு அது தோன்றாமல் போனதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒலியின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சியின் வெக்கையில் தொண்ணூறு வயதானவரை மின்விசிறி இல்லாமல் உட்கார வைக்க முடியாது. விசிறி ஓடினால் பதிவில் அதுதான் கேட்கும். சட்டையிலோ புடவையிலோ குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றும், காலை எட்டு மணிக்கே போய்விடுவதும், விசிறியைக் குறைந்த வேகத்தில் பக்கவாட்டில் வைப்பதும் எனக்குக் கைகொடுத்தன. குளிர்சாதனப் பெட்டியையும் அணைக்கச் சொல்லலாம், ஆனால் திரும்பப் போட மறந்துவிடுவோம். என் வண்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். சாவியை எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். நான் முதல் ஏழு பதிவுகளை இடம் மிச்சமாகிறது என்று எம்பி3இல் எடுத்தேன். பாட்டுகளை ஆய்வுக்குக் கேட்டவர்கள் அவற்றைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அனுமதி விஷயத்தில் நடந்ததுதான் என்னை மிகவும் வாட்டியது. ஓர் அம்மா ஆறு மணி நேரம் பேசினார், மூன்று நாட்களாக. ஒப்புதலைப் பற்றி நான் இழுத்தபோது, "எடுத்தோ மோளே, இதையெல்லாம் நான் கொண்டுபோகவா போகிறேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே போதும் என்று இருந்துவிட்டேன். சில மாதங்களில் அவர் காலமானார். மகனிடம் பேசி, பதிவுகளை ஒரு காப்பகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னதும் அவர் மறுத்துவிட்டார். அந்தப் பேச்சில் ஒரு பழைய சொத்துத் தகராறும், இன்னொரு குடும்பத்தின் திருமணம் நின்ற கதையும் இருந்தன. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்பவர்கள். முதலில் எனக்குக் கோபமும் அழுகையும் வந்தன. நிதானமாக யோசித்தபோது அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று பட்டது. தாயின் விருப்பம் எதுவரை என்பதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இப்போது என் படிவத்தில் தனித்தனிக் கேள்விகளாக வைத்திருக்கிறேன்: பதிவு செய்யலாமா, காப்பகத்தில் வைக்கலாமா, இணையத்தில் போடலாமா, பாட்டுகளுக்கும் அதே விதியா, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டும், அவர் காலத்துக்குப் பின் முடிவு சொல்ல வேண்டியவர் யார். கேரளத்தில் இருப்பவர்களுக்கு மலையாளத்திலும், இஸ்ரேலில் இருப்பவர்களுக்கு ஹீப்ரூவிலும் அச்சிட்டு, பிள்ளைகளில் ஒருவராவது பக்கத்தில் இருக்கும்போது வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். அதே கேள்விகளை ஒலிப்பதிவிலும் ஒருமுறை கேட்டு, பதிலை அவர் குரலிலேயே பதிந்துவைக்கிறேன். பேச்சு முடிந்ததும், "இதில் எதையாவது எடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்கத் தவறுவதில்லை. இப்படிக் கேட்டதனால் யாரும் குறைவாகப் பேசியதில்லை.

2020, 2021 ஆண்டுகள் பெருந்தொற்றில் போயின. 2022இல் இஸ்ரேலுக்குப் போனேன். சமூகத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது: தெற்கே நெவாத்திம், ஜெருசலேம் பக்கம் மெஸிலாத் ஸியோன், தாவோஸ், வடக்கு எல்லையில் க்ஃபார் யூவல் போன்ற விவசாயக் கிராமங்களில். கேரள வழக்கப்படி திருவிழாக்களைக் கொண்டாடுவதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசையில், செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 18 வரை பயணச்சீட்டு போட்டேன். என் நோக்கில் அது மிகச் சரியான காலம். உண்மையில் அதைவிடத் தவறான காலம் இருந்திருக்க முடியாது. சப்பாத்து என்னும் சனிக்கிழமை ஓய்வு நாளிலும் பெருநாட்களிலும் மின்கருவியை இயக்குவது அவர்கள் சமய விதிப்படி கூடாது, எழுதுவதும் கூடாது. நான் இருந்த 27 நாட்களில் யூதப் புத்தாண்டு இரண்டு நாள், யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள், சுக்கோத் என்னும் கூடாரத் திருவிழாவின் முதல் நாள், அதன் முடிவில் வரும் சிம்ஹத் தோரா, நான்கு சனிக்கிழமைகள் என 9 நாட்கள் கருவியைத் தொடவே முடியவில்லை. அவற்றுக்கு முந்தைய 8 நாட்களும் சமையல், வீடு துடைத்தல், பிள்ளைகளின் வருகை என்று யாருக்கும் என்னிடம் உட்கார நேரமில்லை. வந்த நாளையும் கிளம்பிய நாளையும் கழித்தால் கைக்குக் கிடைத்தவை 8 நாட்கள். விமானத்துக்கு மட்டும் 61,000 ரூபாய் கொடுத்திருந்தேன். நெவாத்திமில் சிம்ஹத் தோரா அன்று வயதான பெண்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து, கேரளத்தில் சிறுமிகளாக இருந்தபோது அந்த நாளில் பள்ளியின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்க ஊரே திரண்டு வந்ததைச் சொல்லிச் சொல்லிப் பாடினார்கள். அந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த பாட்டு அதுதான். என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. விருந்தாளியாகப் போன வீட்டில் ஒளித்துவைத்துப் பதிவு செய்ய மனம் ஒப்பவில்லை, ஒப்பக் கூடாது. எந்தச் சமூகத்திடம் போவதாக இருந்தாலும், பயணச்சீட்டுக்கு முன் அவர்களுடைய நாட்காட்டியை வாங்கி, அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். திருவிழாவைப் பற்றிக் கேட்க விரும்பினால் அது முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போவதே நல்லது. நினைவும் பசுமையாக இருக்கும், வீடும் ஓய்ந்திருக்கும்.

அந்த எட்டு நாட்களில் கிடைத்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்களில் பலர் புறப்படத் தயாராகிவிட்டார்கள். ஆனால் யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தில் அந்நாட்டு அதிகாரிகள் அவர்களுடைய வருகையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். பெரும்பாலோர் 1954, 1955 ஆண்டுகளில்தான் போய்ச் சேர முடிந்தது. இது புத்தகத்தில் இருக்கும் செய்தி. நெவாத்திமில் ஒரு பெரியவர் தம் இடது கை மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் தென்படும் என்பதால் இரவில்தான் இரத்தம் எடுப்பார்கள். தூக்கத்தில் எழுப்பிப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வரிசையில் நிறுத்தியதையும், ஊசி குத்திய விரலை அம்மா தம் வாயில் வைத்துக்கொண்டதையும் சொன்னார். எந்த ஆண்டு என்று கேட்டேன். 1948 என்றார், பிறகு 1952 என்றார். நான் விடாமல் ஆண்டையே கேட்டுக்கொண்டிருந்ததில் அவர் சோர்ந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டார். ஆண்டை ஆவணத்தில் தேடிக்கொள்ளலாம், அம்மாவின் வாயில் இருந்த விரலை எந்த ஆவணமும் சொல்லாது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நல்ல பேச்சை இழக்க வேண்டியிருந்தது. தேதி தேவைப்பட்டால், "அப்போது எந்த வகுப்பு? மழைக்காலமா? தம்பி பிறந்துவிட்டானா?" என்று கேட்டு நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் 18 மணி நேரப் பதிவுகளை எழுத்தாக்க ஒருவரிடம் கொடுத்தேன். மணிக்கு 1,500 ரூபாய் வீதம் 27,000 ரூபாய். நல்ல மலையாளம் தெரிந்தவர், நேர்மையாகத்தான் வேலை செய்தார். ஆனால் யூதர்களின் மலையாளம் அவருக்குப் பழக்கமில்லை. இஸ்ரேலுக்குப் போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த பாட்டனைப் பற்றி ஒரு பெண்மணி, "பின்னே வல்யப்பன் ஷாலோமாயி, ஞங்கள் போந்நு" என்று சொல்லியிருந்தார். எழுத்தாக்கியவர் ஷாலோம் என்றால் சமாதானம் என்று அறிந்தவர். ஆகவே பாட்டன் சமாதானமாகி ஒப்புக்கொண்டார், குடும்பம் புறப்பட்டது என்று எழுதிவிட்டார். அவர்கள் வழக்கில் ஷாலோமாயி என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். ஒப்புக்கொள்ளாமலே அவர் கண்மூடிய பிறகுதான் அந்தக் குடும்பம் கிளம்பியிருக்கிறது. ஒரு சொல்லில் ஒரு மனிதரின் முடிவே தலைகீழாகிவிட்டது. பிற பக்கங்களையும் சரிபார்த்தபோது இதுபோல் பல கண்ணில் பட, முழுவதையும் நானே மறுபடி செய்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. எழுத்தாக்கக் கொடுப்பதற்கு முன், நாம் கேட்டுப் புரிந்துகொண்ட வழக்குச் சொற்களின் பட்டியலை உடன் கொடுக்க வேண்டும். பேச்சு நடக்கும்போதே புரியாத சொல்லைக் குறித்துக்கொண்டு, இறுதியில் பேசியவரிடமே பொருள் கேட்டு அதையும் பதிந்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஸ்கறியா ஸக்கறியா, பார்பரா ஜான்சன், பி.எம். ஜூசே போன்ற அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து இந்தப் பெண்களின் பாட்டுகளைத் திரட்டியிருக்கிறார்கள். ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்திலும் பதிவுகள் உள்ளன. நூலகத்தில் வேலை பார்த்த நான் இதை முதலில் தேடியிருக்க வேண்டும். முன்பே நன்றாகப் பதிவான பாட்டுகளுக்கு என் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, யாரும் கேட்காத பலவற்றை விட்டுவிட்டேன்: ரேஷன் கடை, பிரசவம், கூடாரத்தில் கழிந்த முதல் குளிர்காலம், ஹீப்ரூ தெரியாமல் மருத்துவரிடம் போனது.

இனி அந்த 11 மணி நேரம். இஸ்ரேலில் பதிந்தவற்றில் பெரும்பகுதியும் எர்ணாகுளத்தில் எடுத்த சிலவும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. நினைவக அட்டைகளை அடுத்த பதிவுக்காக அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டேன். 2023 மார்ச் மாதம் ஒரு காலை, கணினியில் சொருகியதும் டிஸ்க் டிக் டிக் என்று மூன்று முறை ஒலித்துவிட்டு அடங்கிவிட்டது. தரவு மீட்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி 42,000 ரூபாய் கட்டினேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்ததில் கோப்புப் பெயர்கள் இருந்தன, பெரும்பாலானவற்றைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. எஞ்சியவை போக 11 மணி நேரம் இல்லாமல் போயிற்று. அன்று இரவு யாரிடமும் பேச முடியவில்லை. என்னை நம்பிப் பேசியவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவின் குரல் என்னிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்ததைப் போன்ற துயரம் எனக்கு வேறு வாய்த்ததில்லை. இப்போது பதிவு முடிந்த அன்றே, அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், மூன்று பிரதிகள் எடுக்கிறேன். இரண்டு வேறு வேறு டிஸ்க்குகளில், ஒன்று இணையச் சேமிப்பில். டிஸ்க்குகளில் ஒன்று கோயம்புத்தூரில் என்னிடமும் மற்றது கொச்சியில் தங்கை வீட்டிலும் இருக்கிறது. பிரதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கேட்டும் பார்க்கிறேன். நான்காவது பிரதி ஒரு பென்டிரைவில் பேசியவரின் குடும்பத்துக்குப் போய்விடும். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் இத்தனை வீடுகளுக்கு நான் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்திருக்க வேண்டியதில்லை. நெவாத்திம் அம்மா ஒருவரின் பாட்டு மட்டும் நான்கு நிமிடம் பிழைத்தது. அவருடைய பேத்தி கேட்டதற்காக வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்.

2022இல் நாள் போதாமல் க்ஃபார் யூவலுக்கு நான் போகவே இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் போவதாக அங்கிருந்த ஓர் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். 2023 அக்டோபரில் போர் மூண்டது. லெபனான் எல்லையோரக் கிராமங்களோடு அந்தக் கிராமத்தையும் காலி செய்துவிட்டார்கள். அவர் நாட்டின் நடுப்பகுதியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். என்னால் போக முடியாது என்று உறுதியானதும், அவருடைய பேத்திக்குக் காணொளி அழைப்பில் நான்கு முறை சொல்லிக்கொடுத்தேன்: கைப்பேசியை எந்தத் தூரத்தில் வைப்பது, கேள்வி கேட்டுவிட்டு எப்படிக் காத்திருப்பது, மௌனத்தை எப்படி நிரப்பாமல் இருப்பது. அந்தப் பெண்ணுக்கு மலையாளம் புரியும், பேச வராது. நான் மலையாளத்தில் எழுதி அனுப்பும் கேள்விகளை அம்மாவே கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுப் பதில் சொல்கிறார். வாரம் ஒரு கோப்பு வருகிறது. பயிற்சி பெற்ற வெளியாளிடம் சொல்லாத பலவற்றை அவர் பேத்தியிடம் சொல்கிறார் என்பதைக் கேட்கும்போதே உணர்கிறேன். சென்ற வாரம் வந்த கோப்பின் தொடக்கத்தில், "ஃபேன் நிறுத்தியோ?" என்று பாட்டி மலையாளத்தில் கேட்கிறார். நிறுத்தியாயிற்று என்று பேத்தி ஹீப்ரூவில் சொல்கிறாள். நாற்காலி நகரும் சத்தம். பிறகு பாட்டி, மாளாவில் தம் வீட்டுக் கிணற்றடியில் யாரெல்லாம் தண்ணீர் எடுக்க வருவார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்குகிறார்.